கற்பூரப் பனி

பனியை நான் முதன்முதலாகக் கையால் தொட்டபோது எனக்கு வயது ஐம்பத்து மூன்று. ஜப்பானின் வடக்குப் பகுதியில், சுற்றுலாப் பேருந்து நின்ற இடத்தில். கூட வந்தவர்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு மதில் சுவரின் மேல் பனி எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சுவரின் விளிம்பைத் தாண்டி அது சற்று வெளியே வளைந்து நின்றது. யாரோ கால் வைத்த குழிக்குள் லேசான நீலம் தெரிந்தது. மாமா சொன்னது சரிதான் என்று நினைத்துக்கொண்டேன். பனியைப் பற்றி அவர் சொன்னது ஒன்றுகூடத் தப்பில்லை.

சிராங்கூன் சாலைப் பக்கம் நம் சந்தில் வளர்ந்து, இன்று அறுபதைத் தாண்டியிருக்கும் உங்களுக்கு என் மாமாவை நினைவிருக்கலாம். கீழே அப்பாவின் பூஜைச் சாமான் கடை, மேலே எங்கள் வீடு. அந்த மாடி ஜன்னலில் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு நின்றவர். அந்த வெயிலில் கம்பளி. கீழே நின்று “ஸ்காட்லாந்து, ஸ்காட்லாந்து” என்று நீங்கள் கூப்பிட்டதும் நினைவிருக்கும். உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. என் பங்கு என்னவென்று எழுதி வைக்கிற வயது வந்துவிட்டது, அவ்வளவுதான்.

அப்போது நான் தொடக்கநிலை ஐந்து முடித்திருந்தேன். பள்ளிக்கூடத்து நோட்டுப் புத்தகங்களில் எழுதாமல் மிஞ்சிய தாள்களைத் தைத்து, தினமும் நடந்ததை இரண்டு வரியில் எழுதும் பழக்கம் இருந்தது. கீழே வருகிற கிழமையெல்லாம் அதிலிருந்து எடுத்தவை. ஆண்டை மட்டும் சொல்லப் போவதில்லை. அத்தையின் மகன் இதைப் படிக்கக்கூடும். அவனுக்கு வயதைச் சொன்னால் பிடிக்காது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. கப்பல் பொறியியல் படிக்க ஸ்காட்லாந்து போனவர், இரண்டாவது குளிர்காலத்திலேயே திரும்பி வந்துவிட்டார். நவம்பரில், ஒரு வியாழக்கிழமை. பரீட்சையில் தோற்றுவிட்டார் என்று அம்மா எல்லாரிடமும் சொன்னாள். மாமா அதை மறுக்கவில்லை. எதையுமே மறுக்கவில்லை. பின்னறையில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். சாப்பிடக் கூப்பிட்டால் வந்து உட்கார்ந்து, சாப்பிட்டதும் தட்டைக் கழுவி வைத்துவிட்டுத் திரும்பப் போய்ப் படுத்துக்கொள்வார்.

மச்சினன் வீட்டோடு இருப்பது எந்த வீட்டிலும் லேசான விஷயம் இல்லை. அப்பா கெட்டவர் இல்லை. ஆனால் அப்போது அப்பாவின் தங்கையான என் அத்தையும் எங்கள் வீட்டில்தான் இருந்தார். ஊரின் வடகோடியில், மார்சிலிங்கில் புருஷன் வீடு. இரண்டு முறை கரு தங்காமல் போய், மூன்றாவதாக உண்டாகியிருந்தார். பிறந்த வீட்டில் அம்மா இல்லாததால் அண்ணன் வீட்டுக்கு வந்திருந்தார். ஒரே வீட்டில் அவர் ஓர் அறையில் படுத்திருக்க, இன்னோர் அறையில் பேசாத ஓர் ஆள் படுத்திருந்தால் அப்பாவுக்குத் தூக்கம் எப்படி வரும்?

டிசம்பர் முதல் ஞாயிறு, சாப்பாட்டு மேசையில், மாமாவை வைத்துக்கொண்டே அப்பா அம்மாவிடம் சொன்னார். தை மாதம் வரை பார்ப்போம். ஆள் தேறிவிட்டால் கடையிலேயே வைத்துக்கொள்கிறேன், இங்கேயே இருக்கட்டும். தேறாவிட்டால் ஈப்போவுக்கு, உங்கள் பெரியண்ணனிடம் அனுப்பிவிடலாம். ஈப்போ பெரிய மாமாவைப் பற்றி அம்மா என்னிடம் அதிகம் சொன்னதில்லை. சின்ன வயதில் அவர் பெல்ட்டைக் கழற்றினால் தம்பி கட்டிலுக்கு அடியில் போய்விடுவான் என்று மட்டும் சொல்லியிருந்தாள். அன்று மாமா தட்டைக் கழுவாமலே போய்ப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் அவர் எழுந்து உட்கார்ந்தார். கடையில் வளையல் வைத்திருந்த பழைய கண்ணாடிப் பெட்டி ஒன்று மாடியில் கிடந்தது. அதைத் துடைத்தார். ஊதுபத்தி வந்த அட்டைகளை வெட்டி வீடு செய்ய ஆரம்பித்தார். கல் வீடுகள், சரிவான தெரு, கம்பி வேலி, ஒரு விளக்குக் கம்பம், தெருமுனையில் சின்னப் பூங்கா, அதில் ஒரு பெஞ்சு. எல்லாம் விரல் உயரம். ஒரு வாரத்தில் ஊரே எழுந்துவிட்டது. அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, கை வேலையில் இருந்தால் மனசு அடங்கும் என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா அன்று பாயசம் வைத்தாள்.

ஊர் வந்துவிட்டது, பனிதான் வரவில்லை.

முதலில் பஞ்சு வைத்தார். பஞ்சு பஞ்சாகவே இருந்தது. உப்பைத் தூவினார். மழைக்காலம். மூன்றாம் நாள் உப்பு கசிந்து தெருவெல்லாம் சேறானது. அரிசி மாவுக்கு எறும்பு வந்தது. முகப் பவுடர் சுண்ணாம்பு அடித்த மாதிரி உட்கார்ந்துகொண்டது. சமையல் சோடாவை வெள்ளைப் பசையில் குழைத்துப் பூசியது நான்கு நாள் நன்றாக இருந்து, ஐந்தாம் நாள் பழுத்த பல் நிறத்துக்கு மாறியது. உலர்ந்த தேங்காய்த் துருவல் போடலாமே என்று அத்தை கட்டிலிலிருந்தே யோசனை சொன்னார். “அப்புறம் அதுல லட்டு பிடிக்கலாம், அத்தாச்சி” என்றார் மாமா. வந்த பிறகு அவர் சொன்ன முதல் வேடிக்கை அதுதான். அத்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அத்தை மாமாவை வெறுத்தவர் இல்லை என்பதற்காக இதை எழுதுகிறேன்.

கடைசியில் அவர் இரண்டு பூச்சாகப் பிரித்துக்கொண்டார். கீழ்ப்பூச்சு பிளாஸ்டர். அது பனியின் உடம்பு. சிலை செய்கிறவரிடம் கொஞ்சம் வாங்கி வந்து, அம்மா துணிக்குப் போடும் நீலத்தில் ஒரு சொட்டு கலந்தார். வெறும் வெள்ளை போட்டால் பார்க்கிறவன் நம்ப மாட்டான் என்றார். காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறதோ அந்தப் பக்கத்துச் சுவரோரம் குவிந்திருக்க வேண்டும், மறுபக்கம் மெலிந்திருக்க வேண்டும். ஜன்னல் கட்டையில் பருத்து, விளிம்பைத் தாண்டி வளைய வேண்டும். புகைபோக்கியைச் சுற்றி இருக்கவே கூடாது. சூட்டில் உருகியிருக்கும். இதையெல்லாம் பல்குச்சியின் முனையால் செய்தார்.

மேல்பூச்சுக்குத்தான் வழியில்லாமல் இருந்தது. பிளாஸ்டர் செத்த வெள்ளை. உண்மையான பனிக்கு மேல் ஒரு மினுக்கம் உண்டாம். ஆனால் ஒரு துகளும் தனியாகக் கண்ணில் படக்கூடாது. பட்டால் அந்த வீடுகளுக்கு முன்னால் அது பாறாங்கல் ஆகிவிடும். இதை அவர் சொன்ன அன்று சாயங்காலம் அம்மா சாமி படத்துக்கு ஆரத்தி காட்டினாள். தட்டின் ஓரத்தில் கற்பூரம் உடைந்து பொடியாகக் கிடந்தது. மாமா அந்தப் பொடியைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

கடைச் சாமான் எல்லாம் எங்கள் மாடிப்படிக்கு அடியில்தான் இருந்தது. கற்பூர வில்லைகள் தகரப் பெட்டிகளில். நான் தினமும் பாவாடையில் முடிந்து எடுத்து வந்தேன். மாமா கேட்டு வாங்கச் சொன்னார். நான் கேட்கவில்லை. அப்பா தந்தார் என்று சொல்லிவிட்டேன். சாமிக்கு வந்த பொருளை விளையாட்டுக்குக் கேட்டால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும்.

இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவில் வைத்து அரைத்து, மெல்லிய துணியில் சலித்து, டீ வடிகட்டியைத் தட்டித் தட்டி ஒரே திசையிலிருந்து தூவினார். தூவி முடித்து அவர் ஜன்னலைத் திறந்தபோது பெட்டிக்குள் குளிர் அடிப்பதைப் போல எனக்குத் தோன்றியது. நான் பொய் சொல்லவில்லை. கையில் மயிர் நின்றது.

கற்பூரம் காற்றில் கரைந்து போகும் என்பது நம் வீடுகளில் குழந்தைக்குக்கூடத் தெரியும். அதற்கு மருந்தும் நமக்குத் தெரியும். “நாலு மிளகு போட்டு வை தம்பி, அப்படியே இருக்கும்” என்றாள் அம்மா. மாமா வீடுகளின் பின்னால் ஒரு கைப்பிடி மிளகைக் கொட்டி வைத்தார். பொறியியல் படித்தவர்தான். ஆனாலும் அக்கா சொன்னால் மிளகு.

கடைசித் தூவலுக்கு முன்னால், கிறிஸ்துமஸுக்கு முந்தின வெள்ளிக்கிழமை, அவர் ஒரு காரியம் செய்தார். பொம்மை ரயில் விற்கும் கடையிலிருந்து நான்கு மனிதர்கள் வாங்கியிருந்தார். நகத்தின் அளவு. மூன்று பேரைத் தெருவில் நிறுத்திவிட்டார். அவர்கள் கடையில் வந்தபடியே வெளிர் முகத்தோடு நின்றார்கள். நான்காவது ஆளின் காலை ஊசியைச் சுட்டு வளைத்து, பச்சைக் கோட்டு வரைந்து, முகத்துக்கும் கைக்கும் மாநிறம் பூசி, பூங்காப் பெஞ்சுக்குப் பின்னால் குப்புறப் படுக்க வைத்தார். அதன் மேல் வடிகட்டியைத் தட்டினார். கொஞ்சம் கொஞ்சமாகக் கோட்டு மறைந்தது. பிறகு கை. கடைசியில் அங்கே ஒரு சின்ன மேடுதான் இருந்தது.

யார் அது என்று கேட்டேன்.

“அங்க படிச்ச ஒரு பையன்.”

“செத்துட்டானா மாமா?”

“இல்ல. எழுப்பிட்டாங்க.”

“ஏன் அங்க போய்ப் படுத்தான்?”

அவர் வடிகட்டியைக் கீழே வைத்தார். “களைச்சுப் போயிட்டான், பாப்பா” என்றார். பிறகு, “யாராச்சும் கேட்டா நீ சொல்லு. நானா சொல்ல வரமாட்டேங்குது. கேட்டாச் சொல்லிடலாம்.”

ஒருவரும் கேட்கவில்லை. பார்க்க வந்தவர்கள் அழகாக இருக்கிறது என்றார்கள். ஒரு வாரத்தில் கண்ணாடியின் உள்பக்கத்தில் தானாகவே இறகு இறகாகப் படிகம் படர்ந்தது. கரைந்த கற்பூரம் போய் அங்கே ஒட்டியிருந்தது என்று இப்போது தெரியும். அந்த ஊரிலும் ஜன்னலில் இப்படித்தான் பூக்கும் என்று மாமா என்னைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினார். அந்த இரண்டு வாரமும் அவர் கம்பளிச் சட்டை போடவில்லை. சவரம் செய்துகொண்டார். அப்பா அவரைக் கடைக்கு வரச் சொன்னார்.

பொங்கல் நெருங்க, கடையில் கூட்டம். ஈப்போவிலிருந்தும் மார்சிலிங்கிலிருந்தும் ஆட்கள் வரப் போகிறார்கள் என்று பின்னறையைப் பெண்களுக்காக ஒழித்துவிட்டு, மாமாவின் படுக்கையைக் கீழே கடைக்கு மாற்றினார்கள். பெட்டி மட்டும் ஒரு வேட்டியைப் போர்த்தி மாடியிலேயே இருந்தது. மிளகு வேலை செய்யவில்லை என்று மாமாவுக்கு அதற்குள் தெரிந்திருந்தது. இரண்டு நாளைக்கு ஒரு முறை தூவ வேண்டும். அதை என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்.

இரண்டு முறை தூவினேன். மூன்றாம் முறை போனபோது தகரப் பெட்டிகளுக்குப் பூட்டுப் போட்டிருந்தது. கற்பூரம் குறைகிறது, யார் எடுப்பது என்று அப்பா கடையில் கேட்டுக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து பன்னிரண்டு நாள், தினமும் காலையில் மாமா படிக்குக் கீழே நின்று “போட்டியா பாப்பா?” என்று கேட்பார். நான் “போட்டேன் மாமா” என்பேன். பெண்கள் இருந்த அறைக்குள் அவர் வரவில்லை, நானும் வேட்டியைத் தூக்கிப் பார்க்கவே இல்லை.

அத்தைக்கு வளைகாப்பு, தை மாதம் இரண்டாவது ஞாயிறு. காலை பத்தரை மணிக்கு நல்ல நேரம். கூடமெல்லாம் பெண்கள், பூ, ஏழு வகைச் சோறு. பின்னறையில் புடவை மாற்றப் போன யாரோ கைப்பையை வைக்க இடம் தேடி வேட்டியை விலக்கியிருக்கிறார்கள். அத்தையின் மாமியார் போட்ட சத்தத்தில்தான் நாங்கள் ஓடினோம்.

பனி போயிருந்தது. நீலம் கலந்த வெறும் பிளாஸ்டர்தான் சாம்பல் மாதிரி இருந்தது. அதில் ஒரு பொம்மை குப்புறக் கிடந்தது. சுற்றிலும் கற்பூரத் துணுக்கு. வீடுகள் ஈரத்தில் சாய்ந்து, பின்னாலிருந்த மிளகெல்லாம் உருண்டு தெருவுக்கு வந்திருந்தது. கற்பூரம், மிளகு, சாம்பல், பொம்மை. அந்த அம்மாளுக்கு வேறென்ன தோன்றும்? இன்று நினைத்தாலும் அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. இரண்டு பேரப்பிள்ளைகளை இழந்தவர்.

“யார் வயித்துக்குடா வெச்சே இதை?” என்று கேட்டார் அவர். மாமாவை அதற்குள் யாரோ கீழேயிருந்து கூட்டி வந்திருந்தார்கள். அத்தை பாதி வளையல் போட்ட கையோடு கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். “அண்ணே, இதுனாலதானா எனக்கு ரெண்டும் தங்கல?” என்றார். மாமா வந்து இன்னும் மூன்று மாதம்கூட ஆகவில்லை என்று அங்கே எண்ணிப் பார்த்தவள் நான் ஒருத்திதான்.

அப்பா சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. “மச்சான், யாரு இது? சொல்லிடுங்க. ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா நான் எல்லாருக்கும் பதில் சொல்லிக்கிறேன்” என்றார்.

கடைசியில் ஒருவர் கேட்டுவிட்டார். மாமா வாயைத் திறந்தார். பேச்சு வரவில்லை. அவர் என்னைப் பார்த்தார்.

அப்பா அந்தப் பார்வையைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். “நீதான எந்நேரமும் கூட இருந்தே. யாரும்மா அந்தப் பொம்மை?”

சொன்னால் கற்பூரம் திருடியது வெளியே வரும். தூவாமலே தூவினேன் என்று சொன்னதும் மாமாவுக்குத் தெரிந்துவிடும். நான் நினைத்தது அவ்வளவுதான். நல்லவள் கெட்டவள் என்றெல்லாம் யோசிக்க நேரமில்லை. அம்மா வளையல் தட்டோடு அறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

“தெரியாதுப்பா” என்றேன்.

அத்தையின் புருஷன் அன்றே பெட்டியைத் துணியில் கட்டி எடுத்துக்கொண்டு போய்க் கடலில் போட்டுவிட்டு, தலைக்குக் குளித்துவிட்டு வந்தார். வளைகாப்பு முடிந்தது. புதன்கிழமை காலை ரயிலில் மாமாவை ஈப்போவுக்கு அனுப்பினார்கள். கிளம்பும்போது கம்பளிச் சட்டை போட்டிருந்தார். செருப்பு மாட்டிக்கொண்டே என்னைக் கேட்டார்.

“நீ பனி போடல, இல்ல?”

“போடல மாமா. பூட்டிட்டாங்க.”

“பரவால்ல லா” என்றார். கொஞ்சம் யோசித்து, “அடிப்பூச்சு எப்படி இருந்துச்சு? வெடிக்கலையே?” என்று கேட்டார். வெடிக்கவில்லை என்று சொன்னேன். உண்மையிலேயே வெடிக்கவில்லை. தலையை ஆட்டிவிட்டுப் படியிறங்கினார்.

அத்தைக்கு ஏப்ரலில் ஆண் குழந்தை பிறந்தது. நல்ல எடை, நல்ல குரல். பெட்டியைக் கடலில் போட்டதால்தான் என்று மார்சிலிங்கில் இன்றும் சொல்கிறார்கள்.

ஈப்போவில் மாமா பெரியண்ணனின் மரக்கடையில் இருந்தார். அங்கிருந்து கடிதம் எழுதவில்லை. அடுத்த ஆண்டு மழைக்காலத்தில் ஒரு நாள் காலை, கடை திறக்கும் முன் வீட்டைவிட்டு இறங்கிப் போனார். எந்த நாள் என்று பெரிய மாமாவுக்கே சரியாகத் தெரியவில்லை. மூன்று நாள் கழித்துத்தான் எங்களுக்குச் சொன்னார்கள். தேடினார்கள், போலீசில் எழுதி வைத்தார்கள். இன்று வரை ஒரு தகவலும் இல்லை. எல்லாவற்றுக்கும் கிழமை குறித்து வைக்கிற என்னிடம் அந்த ஒரு தேதி இல்லை.

தேதி தெரியாதவர்களுக்கு அமாவாசைதான் கதி. இப்போது குடியிருக்கும் தோ பாயோ வீட்டில் அம்மா ஒவ்வோர் ஆடி அமாவாசைக்கும் தம்பிக்கு ஓர் இலை போடுகிறாள். இப்போது அவளுக்கு எண்பத்து நான்கு. அப்பா போய் ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. போன ஆடியில் நான்தான் சமைத்தேன். தாழ்வாரக் கட்டையில் காக்கைக்கு வைத்த சோற்றை மைனாக்கள் சண்டை போட்டுக்கொண்டு தின்றன. அம்மா அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்கு இனியும் தள்ளிப்போட முடியாது என்று தோன்றியது. கற்பூரம் திருடியது, பூங்காப் பொம்மையைப் பற்றி மாமா எனக்குச் சொன்னது, தெரிந்தே தெரியாது என்றது, எல்லாவற்றையும் சொன்னேன்.

அம்மா ஆச்சரியப்படவில்லை. மாமா வருவதற்கு முன்பே காலேஜிலிருந்து ஒரு கடிதம் வந்ததாம். பூங்காவில் பனிக்குள் படுத்துக் கிடந்தவரைக் காலையில் நடக்கப் போன ஒருவர் பார்த்து எழுப்பியதும், பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்ததும், இனித் தனியாக விட வேண்டாம் என்பதும் அதில் எழுதியிருந்ததாம். தெரிந்த இங்கிலீஷை வைத்து மூன்று முறை படித்துவிட்டு அடுப்பில் போட்டிருக்கிறாள். பரீட்சைக் கதை அவள் கட்டியது.

“உங்கப்பா படிச்சிருந்தா ஒரு நாள்கூட வீட்ல வெச்சிருக்க மாட்டாரு. அதுவும் உங்க அத்தை அப்படிப் படுத்திருக்கும்போது.”

“அப்ப அந்தப் பொம்மை யாருன்னு உனக்கும் அன்னைக்கே தெரியும்.”

“பாத்ததும் தெரியும். அந்தக் கோட்டு நான் வாங்கிக் கொடுத்தது.”

அம்மா புடவைத் தலைப்பால் மேசையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

“தட்டைக் கையில வெச்சுக்கிட்டு உன் வாயையே பாத்துக்கிட்டு நின்னேன்” என்றாள். “நீ சொல்லப் போறேன்னு நெனச்சேன். நீ சொல்லியிருந்தா, நானும் சொல்லியிருப்பேன்.”